பழைய காரை நன்கொடையாகக் கொடுக்கிறீர்களா? காரோடு உங்கள் பெயரையும் அனுப்பிவிடாதீர்கள்

எங்கள் முதல் கார் 2004 ஹோண்டா சிவிக். அமெரிக்கா வந்த புதிதில் வாங்கியது. அதை 2021இல் ஒரு தொண்டு அமைப்புக்கு நன்கொடையாகக் கொடுத்தோம். டோ வண்டி வந்தது, பத்து நிமிடத்தில் ஏற்றிக்கொண்டு போனது. "பேப்பர் வேலையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று ஓட்டுநர் சொன்னார், நாங்களும் நம்பினோம். நான்கு மாதம் கழித்து, நாங்கள் போயே இராத ஓர் ஊரிலிருந்து மூன்று பார்க்கிங் அபராதச் சீட்டுகள் வந்தன. அடுத்த வாரமே இன்னொரு கடிதம். அந்தக் காரைத் தெருவிலிருந்து இழுத்துப் போய் யார்டில் வைத்திருப்பதாகவும், அதற்கான கட்டணம் 900 டாலரைத் தாண்டிவிட்டதாகவும், பதிவு உரிமையாளர் என்ற முறையில் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

கடைசியில் கட்டாமல் தப்பித்தோம். டோ வண்டிக்காரர் கொடுத்த ரசீதை என் கணவர் போனில் படம் எடுத்து வைத்திருந்தார், அதுதான் காப்பாற்றியது. ஆனாலும் இரண்டு மாதம் போனும் கடிதமுமாக அலைந்தோம். போன வருடம் எங்கள் 2007 டொயோட்டா கொரோலாவைக் கொடுத்தபோது ஒவ்வொரு படியையும் சரியாகச் செய்தேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில். டி.எம்.வி. (மோட்டார் வாகனத் துறை) விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், முக்கியமான வேறுபாடுகளைக் கடைசியில் சொல்கிறேன். ஃபெடரல் (மத்திய அரசு) வருமான வரி விதிகள் நாடு முழுக்க ஒன்றுதான்.

1. முதலில் முடிவு செய்யுங்கள்: கொடுப்பதா, விற்பதா?

கார் ஓடுகிறது, ஸ்மாக் டெஸ்டில் (புகைப் பரிசோதனையில்) தேறுகிறது, மூவாயிரம் நாலாயிரம் டாலருக்குப் போகும் என்றால், விற்றுவிட்டு அந்தப் பணத்தை நேரடியாக அமைப்புக்கு அனுப்புவதுதான் அவர்களுக்கு அதிக உபயோகம். நன்கொடையாக வரும் கார்களில் பெரும்பாலானவை ஏலத்துக்கோ, உடைத்துப் பாகம் விற்கும் யார்டுக்கோதான் போகின்றன. ஏலத்தில் மொத்த வியாபார விலைதான் கிடைக்கும். அதிலிருந்து டோ செலவு, ஏலச் செலவு, இடையில் இருக்கும் நிறுவனத்தின் பங்கு எல்லாம் போக மீதிதான் அமைப்பின் கைக்கு வருகிறது.

எங்கள் கொரோலாவுக்கு டிரான்ஸ்மிஷன் போய்விட்டது. மெக்கானிக் 3,800 டாலர் கேட்டார். அப்படிப்பட்ட காரை மார்க்கெட்ப்ளேஸில் போட்டு, ஐம்பது பேரின் "இன்னும் இருக்கிறதா?" என்ற மெசேஜுக்குப் பதில் எழுதி, முகம் தெரியாதவர்களை வீட்டுக்கு வரச் சொல்வதைவிட நன்கொடை நல்ல வழி. ஓடாத காரையும் எடுத்துக்கொள்கிறார்கள், வீட்டுக்கே வந்து இலவசமாக ஏற்றிப் போகிறார்கள். இதன் உண்மையான வசதி அதுதான்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்மாக் டெஸ்டில் தோற்ற காரை ஓட்டத்திலிருந்து நிரந்தரமாக எடுக்க மாநிலத்தின் பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. நிபந்தனைகள் உண்டு, நிதி தீர்ந்தால் நிறுத்திவைப்பார்கள். உங்கள் கார் தகுதி பெற்றால் அந்தப் பணத்தை வாங்கி நன்கொடையாகக் கொடுக்கலாம்.

வரிக் கழிவுக்காக மட்டும் கொடுக்க நினைப்பவர்கள் கீழே ஒன்பதாவது படியை முதலில் படித்துவிட்டு வாருங்கள். பலருக்கு ஒரு டாலர்கூடக் குறையாது.

2. டைட்டிலைத் தேடி எடுங்கள்

அமைப்பைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். டைட்டில் என்பது காரின் உரிமைப் பத்திரம். கலிஃபோர்னியாவில் பிங்க் ஸ்லிப் என்பார்கள். வருடா வருடம் வரும் ரிஜிஸ்ட்ரேஷன் அட்டை வேறு, இது வேறு. புதிதாக வந்தவர்கள் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நானும் ரிஜிஸ்ட்ரேஷன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் தயார் என்று நினைத்தவள்தான்.

டைட்டில் கிடைத்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அதில் வங்கியின் பெயர் இருக்கிறதா. கடனில் வாங்கிய கார் என்றால் லீன்ஹோல்டர் என்ற இடத்தில் வங்கி இருக்கும். கடன் எப்போதோ முடிந்திருக்கலாம், ஆனால் பெயர் அப்படியே நிற்கும். வங்கியிடமிருந்து லீன் ரிலீஸ் (கடன் முடிந்தது என்ற சான்று) வாங்காமல் எந்த அமைப்பும் காரை எடுக்காது. கடன் கொடுத்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்திருந்தால் இதற்கே சில வாரங்கள் ஆகும், முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, இரண்டு பேர் பெயர் இருந்தால் நடுவில் என்ன இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இரண்டு பெயர்களுக்கு நடுவே "ஆர்" என்று இருந்தால் யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும். "அண்ட்" என்றோ ஒரு சாய்கோடு மட்டுமோ இருந்தால் இருவரும் போட வேண்டும். எங்கள் டைட்டிலில் சாய்கோடு. என் கணவரோ அப்போது மாமனாரின் அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூரில் இருந்தார். டைட்டிலைக் கூரியரில் அனுப்பி, கையெழுத்து வாங்கித் திரும்ப வர 11 நாள் ஆனது, போக வர 120 டாலருக்கு மேல் செலவு. நிரந்தரமாக ஊர் திரும்பும் குடும்பங்கள் இதை நன்றாக நினைவில் வையுங்கள். ஒருவர் முன்னே கிளம்புவதாக இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்பே கையெழுத்தை முடித்துவிடுங்கள்.

மூன்றாவது, கிறுக்கல் எதுவும் இருக்கக் கூடாது. தவறான வரியில் கையெழுத்துப் போட்டு அடித்தாலோ, வெள்ளை மை வைத்து அழித்தாலோ அந்தப் பத்திரம் சிக்கலாகிவிடும், புது டைட்டில் வாங்கவேண்டி வரலாம். அமைப்பிடம் பேசி, எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்ட பிறகே பேனாவை எடுங்கள்.

டைட்டில் தொலைந்துவிட்டதா? டி.எம்.வி.யின் ரெஜ் 227 படிவத்தை நிரப்பி நகல் வாங்கலாம். நான் கட்டியது 27 டாலர், தபாலில் வர மூன்று வாரம் ஆனது. முகவரி மாறியிருந்தால் அதை டி.எம்.வி.யில் முதலில் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நகலும் பழைய வீட்டுக்குப் போய்ச் சேரும்.

3. யாருக்குக் கொடுப்பது?

ரேடியோவில் வரும் விளம்பரத்தைக் கேட்டு அந்த எண்ணை அழைக்காதீர்கள். விளம்பரத்தில் ஒரு பெயர் இருக்கும், காரை வாங்குவது இன்னொரு நிறுவனம், பணம் போவது மூன்றாவது இடமாக இருக்கும். முதல் தடவை எங்களுக்கு நடந்தது அதுதான். குழந்தைகளுக்கு என்று கொடுத்தோம். எந்த ஊர்க் குழந்தைகள், என்ன வேலை, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பிறகு கேட்டபோது போனில் இருந்தவருக்குப் பதில் தெரியவில்லை.

நேர்மாறாகச் செய்யுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, நீங்கள் மதிக்கும் அமைப்பை முதலில் தேர்ந்தெடுங்கள், பிறகு அவர்கள் கார் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். வீடு கட்டித் தரும் ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி வாங்குகிறது. எங்கள் பகுதியில் கே.கியூ.இ.டி. போன்ற பொது வானொலி நிலையங்களும் வாங்குகின்றன. மேரிலாந்தில் வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்ற அமைப்பு, வரும் கார்களில் தகுந்தவற்றைப் பழுது பார்த்து வருமானம் குறைந்த குடும்பங்களுக்கே கொடுக்கிறது. உங்கள் கார் ஓடும் நிலையில் இருந்தால் இந்த மாதிரி அமைப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஏலத்தில் சில நூறு டாலருக்குப் போவதைவிட, ஒரு தாய் அதை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவது எவ்வளவோ மேல்.

பெயரை முடிவு செய்ததும் இரண்டு இடத்தில் சரிபாருங்கள், பத்து நிமிட வேலை. ஐ.ஆர்.எஸ். (வருமான வரித் துறை) தளத்தில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கம் இருக்கிறது. அமைப்பின் இ.ஐ.என். என்ற வரி அடையாள எண்ணைக் கேட்டு வாங்கி அதில் போட்டுப் பாருங்கள், 501(சி)(3) என்ற தொண்டு அமைப்புத் தகுதி இருந்தால் வரும். பெயரை வைத்துத் தேடினால் ஏமாறலாம், ஏனென்றால் கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பெயரில் பல அமைப்புகள் உண்டு. அடுத்து, கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலின் தொண்டு அமைப்புகள் பதிவேட்டில் அதன் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு போனில் ஒரே ஒரு கேள்வி: "கார் விற்ற பணத்தில் செலவு போக அமைப்புக்கு எத்தனை சதவீதம் போகிறது?" நேராகப் பதில் சொல்பவர்களிடம் கொடுங்கள். பல அமைப்புகள் காரை நேரடியாகக் கையாளாமல் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருப்பார்கள், அதில் தவறொன்றும் இல்லை. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்களா என்பதுதான் விஷயம்.

இலவச ஹோட்டல் கூப்பன் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். பதிலுக்கு எதையாவது வாங்கினால் அதையும் ரசீதில் காட்ட வேண்டும், உங்கள் வரிக் கழிவும் அந்த அளவுக்குக் குறையும்.

4. பதிவு செய்யும்போது கேட்பவை

வருடம், மாடல், ஓடிய மைல், 17 எழுத்து எண் கொண்ட வி.ஐ.என். (காரின் அடையாள எண்), டைட்டில் கையில் இருக்கிறதா, சாவி இருக்கிறதா, ஸ்டார்ட் ஆகிறதா, நான்கு டயரிலும் காற்று நிற்கிறதா, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா. கடைசிக் கேள்வி எனக்கு விநோதமாக இருந்தது. திருடர்கள் அதை அறுத்துக்கொண்டு போவது இங்கே சகஜம், அது இல்லாத காருக்கு மதிப்பும் குறைகிறது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வந்து பார்த்தபின் வேறாக இருந்தால் காரை எடுக்காமல் போய்விடுவார்கள்.

அவர்கள் கேட்காத, நீங்களாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கார் எங்கே நிற்கிறது? அப்பார்ட்மெண்ட் அடித்தளத்தில் நிற்கிறது என்றால் கட்டாயம் சொல்லுங்கள். டோ வண்டியின் உயரத்துக்கு அந்தக் கூரை இடம் தராது. எங்கள் முதல் முன்பதிவு இதனாலேயே வீணானது. வந்த ஓட்டுநர் வாசலில் நின்று கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார், அடுத்த தேதி ஆறு நாள் கழித்துத்தான் கிடைத்தது. இடையில் வந்த சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், எதிர் வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர், நான், நால்வருமாகத் தள்ளி மேலே கொண்டுவந்தோம். பேட்டரி செத்திருந்ததால் கியரை நியூட்ரலுக்கு மாற்றவே முடியவில்லை. கியர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் ஷிஃப்ட் லாக் பட்டனை ஸ்க்ரூட்ரைவரால் அழுத்த வேண்டும் என்று அந்தப் பெரியவர்தான் காட்டிக்கொடுத்தார்.

பிக்கப்புக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. "கொஞ்சம் தூரம் அதிகம்", "பிராசஸிங் ஃபீஸ்" என்று யாராவது ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு வேறு அமைப்பைப் பாருங்கள். தேதி பொதுவாக இரண்டு மூன்று நாளில் கிடைக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் கூட்டம் அதிகம், அதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

5. காரைக் காலி செய்யுங்கள்

முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சுங்கக் கட்டணம் கழிக்கும் ஃபாஸ்ட்ராக் கருவியை எடுத்துவிட்டு, உங்கள் கணக்கிலிருந்தும் அந்தக் காரின் நம்பரை நீக்குங்கள். கருவியை மட்டும் எடுத்துவிட்டு நம்பரை நீக்காமல் விட்டால், காரை யாராவது பாலத்தில் ஓட்டும்போது நம்பர் ப்ளேட்டைப் படம் பிடித்து உங்கள் கணக்கில் கழிப்பார்கள். கேரேஜ் ரிமோட், குழந்தை சீட், கையுறைப் பெட்டியில் இருக்கும் பழைய இன்சூரன்ஸ் தாள்கள் எல்லாவற்றையும் எடுங்கள். வீட்டு முகவரி எழுதிய எந்தத் தாளும் உள்ளே இருக்கக் கூடாது. டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும் கை விட்டுப் பாருங்கள். திரை உள்ள கார் என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், போன் தொடர்புகளும் "ஹோம்" முகவரியும் அதில் இருக்கும்.

டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் மறக்காதீர்கள். பல வருட வெயிலில் டேப் இறுகிப்போயிருந்தது, இழுத்தபோது வரவில்லை. ஹேர் டிரையரை இரண்டு நிமிடம் காட்டி, பல் இடுக்கு நூலை அடியில் விட்டு அறுத்தேன், முழுசாக வந்துவிட்டார். இப்போது புதுக் காரில் இருக்கிறார்.

கடைசியாக, காரை நான்கு பக்கமும், ஓடோமீட்டரையும், வி.ஐ.என். தகட்டையும் படம் எடுங்கள்.

6. டோ வண்டி வரும் நாள்

நீங்கள் வீட்டில் இருங்கள். சாவியைச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டுப் போகலாம் என்பார்கள், வேண்டாம்.

டைட்டிலில் உங்கள் கையெழுத்து, தேதி, 2011 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் என்றால் ஓடோமீட்டர் அளவும் எழுத வேண்டும். வாங்குபவர் என்ற இடத்தை வெறுமையாக விடும்படி ஓட்டுநர் கேட்கலாம், ஒப்புக்கொள்ளாதீர்கள். அமைப்பின் பெயரை எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். வாங்குபவர் பெயர் எழுதாத டைட்டில் எத்தனை கைமாறினாலும் அரசுப் பதிவில் உங்களுக்குப் பிறகு யாரும் வாங்கியதாகவே தெரியாது. எங்கள் சிவிக் அப்படித்தான் யாரோ ஒருவர் கைக்குப் போய் தெருவில் நின்றது. கையெழுத்திட்ட டைட்டிலின் இரண்டு பக்கத்தையும் கொடுப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரசீது வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அதில் அமைப்பின் பெயர், தேதி, வி.ஐ.என். மூன்றும் இருக்க வேண்டும். டோ நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் அமைப்பின் பெயரை ஓட்டுநரைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை ஓட்டுநரிடம் சொல்லவே கூடாது. வரிப் படிவத்துக்காக அமைப்பு அதைக் கேட்கும், அவர்களிடம் நேரடியாக மட்டும் கொடுங்கள்.

கலிஃபோர்னியாவில் சாதாரண நம்பர் ப்ளேட் காரோடுதான் போகும். காசு கட்டி வாங்கிய சிறப்பு எண் என்றால் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

7. அன்றைக்கு இரவே: ரிலீஸ் ஆஃப் லயபிலிட்டி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

காரைக் கொடுத்த ஐந்து நாளுக்குள் டி.எம்.வி.யிடம் "இந்தக் கார் இனி என்னிடம் இல்லை" என்று தெரிவிக்க வேண்டும். படிவத்தின் எண் ரெஜ் 138. டி.எம்.வி. தளத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை, எனக்கு ஏழு நிமிடம் ஆனது. நம்பர் ப்ளேட் எண், வி.ஐ.என்.னின் கடைசி ஐந்து எழுத்து, கொடுத்த தேதி, ஓடோமீட்டர், புதிய உரிமையாளரின் பெயர், முகவரி. புதிய உரிமையாளர் என்ற இடத்தில் ரசீதில் உள்ள அமைப்பின் பெயரையும் முகவரியையும் போடுங்கள், டோ ஓட்டுநரின் பெயரைப் போடாதீர்கள். முடித்ததும் வரும் உறுதிப் பக்கத்தைப் பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள்.

அமைப்பு செய்துவிடும், ஏலக் கம்பெனி செய்துவிடும் என்று யார் சொன்னாலும் நீங்களும் செய்யுங்கள். அவர்கள் உரிமையை மாற்றப் பதிவு செய்வது வேறு வேலை, அது எப்போது நடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. கார் உங்கள் கையை விட்டுப் போன நாளைப் பதிவில் ஏற்றுவது நீங்கள் செய்ய வேண்டியது.

ஏற்கெனவே ஐந்து நாள் தாண்டிவிட்டதா? பரவாயில்லை, இப்போதே செய்யுங்கள், ரசீதில் உள்ள உண்மையான தேதியைப் போடுங்கள். நாங்கள் நான்கு மாதம் கழித்துத்தான் போட்டோம். அந்த உறுதித் தாளையும் டோ ரசீதின் படத்தையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் அபராதங்களையும் யார்டுக் கட்டணத்தையும் எங்கள் பெயரிலிருந்து எடுத்தார்கள்.

8. இன்சூரன்ஸை அதற்குப் பிறகு நிறுத்துங்கள்

முன்னாலேயே நிறுத்திவிட்டால், இடையில் ஏதாவது நடந்தால் பொறுப்பு உங்களுடையது. ரிலீஸ் உறுதி கையில் வந்த மறுநாள் போன் செய்யுங்கள். முன்கூட்டிக் கட்டிய பிரீமியத்தில் மீதி நாட்களுக்கான பணம் திரும்ப வரும், எனக்கு 86 டாலர் வந்தது.

9. வரி: எவ்வளவு கழியும், யாருக்குக் கழியும்?

விளம்பரங்களில் அதிகமாக ஏமாற்றுவது இங்கேதான். பழைய கார்களின் விலை சொல்லும் கெல்லி ப்ளூ புக்கில் கார் 2,500 டாலர் என்று காட்டினால் 2,500 கழிக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். 2005இலிருந்து விதி வேறு. அமைப்பு காரைப் பழுது பார்க்காமல், தானும் பயன்படுத்தாமல் அப்படியே விற்றுவிட்டால், விற்ற விலைதான் உங்கள் கழிவின் உச்சவரம்பு. 500 டாலருக்கோ அதற்குக் குறைவாகவோ விற்றிருந்தால், சந்தை மதிப்பு, 500 டாலர் இரண்டில் எது குறைவோ அதைக் கழிக்கலாம். அமைப்பே காரைப் பயன்படுத்தினாலோ, பெரிய பழுது பார்த்தாலோ, ஏழைக் குடும்பத்துக்குக் குறைந்த விலையில் கொடுத்தாலோ முழுச் சந்தை மதிப்பையும் கழிக்கலாம்.

எங்கள் கொரோலா ஏலத்தில் 425 டாலருக்குப் போனது. டிரான்ஸ்மிஷன் பழுதான நிலையிலும் அதன் மதிப்பு 500ஐ விட அதிகம், அதனால் கழிவு 500. 24 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அது 120 டாலர் மிச்சம்.

அதுவும் ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு, அதாவது செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்கு மட்டும்தான். 2025ஆம் வருட வரிக்கு, பட்டியல் காட்டாமலே கழிக்க அனுமதிக்கும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தனி நபருக்கு 15,750, தம்பதி சேர்ந்து தாக்கல் செய்தால் 31,500 டாலர். வாடகை வீட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இதைத் தாண்ட மாட்டார்கள், அவர்களுக்குக் கார் நன்கொடையால் வரி குறையாது. 2026இலிருந்து ஸ்டாண்டர்ட் எடுப்பவர்களும் 1,000 டாலர், தம்பதிக்கு 2,000 டாலர் வரை நன்கொடை கழிக்கலாம். ஆனால் அது பணமாகக் கொடுத்தால் மட்டும், காருக்குக் கிடையாது. அதே 2026இலிருந்து, ஐட்டமைஸ் செய்பவர்களுக்கும் வருமானத்தில் அரை சதவீதத்துக்கு மேற்பட்ட நன்கொடைதான் கழியும். இரண்டு லட்சம் டாலர் வருமானம் என்றால் முதல் ஆயிரம் டாலர் கணக்கில் வராது. வேறு நன்கொடை எதுவும் இல்லையென்றால் 500 டாலர் கார் அதில் முங்கிவிடும்.

எஃப்-1 விசாவில் நான்-ரெசிடெண்ட்டாக 1040-என்.ஆர். தாக்கல் செய்யும் இந்திய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய வரி ஒப்பந்தத்தின்படி உங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு. பெரும்பாலும் அதுவே லாபம், கார் ரசீதுக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

500க்கு மேல் கழிப்பவர்களுக்கு 1098-சி படிவம் (அமைப்பு தரும் கார் நன்கொடைச் சான்று) கட்டாயம். விற்றுவிட்டால் விற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் அமைப்பு அதை அனுப்ப வேண்டும். வந்ததும் 4சி கட்டத்தில் விற்ற தொகை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 7ஆம் கட்டத்தில் டிக் இருந்தால் 500க்கு மேல் கழிக்கவே கூடாது என்று அர்த்தம். கழிவு 500ஐத் தாண்டினால் பணமல்லாத நன்கொடைக்கான 8283 படிவமும் நிரப்பி, 1098-சியின் பி நகலை ரிட்டர்னோடு இணைக்க வேண்டும். ஆன்லைனில் தாக்கல் செய்தால் பி.டி.எஃப். ஆக இணைக்கலாம், இல்லையென்றால் 8453 படிவத்தோடு தபாலில் அனுப்பலாம்.

கழிவு, காரைக் கொடுத்த வருடத்துக்குத்தான். டிசம்பர் 29 அன்று கொடுத்து, மார்ச்சில் ஏலம் போனாலும் முந்தைய வருடக் கணக்கு. ஏப்ரல் 15க்குள் 1098-சி வராவிட்டால் 4868 போட்டு அவகாசம் வாங்குங்கள், அல்லது கார் இல்லாமல் தாக்கல் செய்துவிட்டு 1040-எக்ஸ் மூலம் பிறகு திருத்துங்கள். ஐ.ஆர்.எஸ். வெளியிடும் 4303 என்ற சிறு புத்தகம் முழுக்க இதைப் பற்றியதுதான், சில பக்கங்கள்தான், இலவசம். ஊர் திரும்புபவர்கள் 1098-சி வருவதற்கு நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கு

நியூஜெர்சி, நியூயார்க்கில் நம்பர் ப்ளேட்டை நீங்களே கழற்றி மோட்டார் வாகன அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இன்சூரன்ஸை அதற்குப் பிறகே நிறுத்த வேண்டும், வரிசை மாறினால் அபராதமோ லைசென்ஸ் சிக்கலோ வரும். டெக்சஸிலும் ப்ளேட்டைக் கழற்றிவிட்டு, வெஹிக்கிள் டிரான்ஸ்ஃபர் நோட்டிஃபிகேஷனை 30 நாளுக்குள் போடுங்கள். பென்சில்வேனியா, ஒஹாயோ, நார்த் கரோலினாவில் டைட்டில் கையெழுத்தை நோட்டரி முன் போட வேண்டும். முன்கூட்டியே வீட்டில் போட்டுவிட்டால் செல்லாது, டோ வண்டி வருவதற்கு முன் நோட்டரியிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

எனக்கு ஆன செலவு: கூரியருக்கு 120 டாலருக்கு மேல், டைட்டில் நகலுக்கு 27. டைட்டில் நகல் வர மூன்று வாரம், கையெழுத்துக்கு 11 நாள், வீணான முதல் முன்பதிவிலிருந்து கார் போக ஆறு நாள், 1098-சி வர அதற்குப் பிறகு ஏழு வாரம். உங்கள் டைட்டில் கையில் இருந்து, உங்கள் பெயர் மட்டும் அதில் இருந்தால், காரை இந்த வாரமே அனுப்பிவிடலாம்.